சார் எந்த ஊரு?

சென்னையில் குடியிருக்கும் தென்மாவட்டத்துக்காரன் எவனையும் கேட்டுப் பாருங்கள், சொந்த ஊரைப் பற்றி அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவான். அதில் பாதி பொய்யாக இருக்கும். நான் கோவில்பட்டிக்காரன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் வசதி கூடுதல். மற்ற ஊர்களுக்கு ஒரு பெருமை என்றால் எங்களுக்கு நாலைந்து. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். தீப்பெட்டி ஊர். ஹாக்கி ஊர், 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் எங்கள் ஊர்ப் பிள்ளை. எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பக்கத்து இடைசெவல்; அப்புறம் பூமணி, சோ. தர்மன். சாகித்திய அகாதெமி விருதை எங்கள் பக்கம் டவுன் பஸ் டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் பிறந்து, ஹாக்கியும் வராமல், எழுத்தும் வராமல், கடலைமிட்டாயைத் தின்ன மட்டும் தெரிந்துகொண்டு, தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வவுச்சருக்கு டிக் அடிக்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹாக்கி வராது என்பது மட்டும் என் வீட்டில் தெரியாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் "நானும் ஹாக்கி ஆடினவன்தான்" என்று ஒரு வார்த்தை விட்டேன். மகள் பள்ளியில் சேர்ந்தபோது அது "அப்பா மாவட்ட லெவல்" ஆகியிருந்தது. அவள் ஓட்டப்பந்தயத்தில் மெடல் வாங்கி வந்த அன்று, "ஸ்டேட் செலக்‌ஷன் அன்னைக்குத்தான் கால்ல அடிபட்டுருச்சு" என்ற கட்டத்துக்கு வந்துவிட்டது. மழை நாளில் அந்தக் காலை நீவிவிட்டுக்கொள்வதும் உண்டு. எந்தக் கால் என்பதில்தான் அவ்வப்போது குழப்பம் வரும்.

ஆகவே, "லீவுக்கு உங்க ஊருக்குப் போலாம்ப்பா" என்று மகள் கேட்டபோது நான் சுதாரித்திருக்க வேண்டும். ஊர்ப் பெயரைக் கேட்டதும் மார் விரிந்துவிட்டது. சுதாரிக்க முடியவில்லை.

"போலாம். யார் வீட்டுக்கு?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. அப்பா காலத்துக்குப் பிறகு வீட்டை விற்ற பணத்தில்தான் பல்லாவரத்து பிளாட்டுக்கு முன்பணம் கட்டினோம். சித்தப்பா மகன் மதுரைக்குப் போய்விட்டான். அத்தை, கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். "ஊரே நம்ம வீடுதான்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டுல பாத்ரூம் எந்தத் தெருவுல இருக்கு?"

லாட்ஜில் ரூம் போட்டோம்.

பள்ளித் தோழர்களுக்கும் முறைப்படி தகவல் கொடுத்தேன். 2018இல் '96' படம் வந்த புண்ணியத்தில் வாட்ஸ்அப் குழு இல்லாத பேட்ச் தமிழ்நாட்டில் கிடையாது. எங்கள் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர். காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் அரசியல், ராத்திரி யார் வீட்டுக் காதுகுத்துக்காவது பத்திரிகை. அதில் என் முழுப் பெயரைப் போட்டு, குடும்பத்தோடு ஊருக்கு வருகிறேன், அனைவரையும் சந்திக்க ஆவல் என்று எழுதினேன். ஒருவர் கும்பிடு பொம்மை போட்டார். இன்னொருவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டார். அது எனக்கு முந்தைய செய்திக்கு என்று பிறகு தெரிந்தது.

ரயில் மதுரையைத் தாண்டியதும் என் பேச்சு மாறிவிட்டதாம். நானாக மாற்றவில்லை, அதுவாக வருவது. "ஏட்டி, எந்திரிச்சிட்டியா? ஊரு வரப்போகுது பாத்துக்கோ" என்று மகளை எழுப்பினேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவிடம், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல, திரும்பிப் போகும்போது சரியாயிடும்" என்றாள் மனைவி.

விடியுமுன்னே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடமும் அதே பாஷையைப் போட்டேன். "அண்ணாச்சி, மெயின் ரோட்டுக்கு எம்புட்டு?"

"எரநூறு ரூவா குடுங்க சார்."

"என்னய்யா அநியாயமா இருக்கு! நான் உள்ளூர்க்காரன்யா."

"உள்ளூர்க்காரங்க நடந்தே போயிருவாங்க சார்."

மனைவி ஏற்கெனவே பெட்டியோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள்.

லாட்ஜில் இருந்த பையன் என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார் எந்த ஊரு?" என்றான். "இதே ஊருதான்" என்றேன். அவன் ஆதாரை இன்னொரு முறை பார்த்தான், என்னையும் பார்த்தான். சரி, சென்னைக்காரர்கள் இப்படித்தான் என்று நினைத்திருப்பான். அப்புறம் ரொம்ப மரியாதையாக எனக்கு என் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டான். "எட்டயபுரத்துல பாரதியார் பொறந்த வீடு இருக்கு சார். கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட இடம். ஊருக்குள்ளயே கி.ரா. நினைவரங்கம். கழுகுமலை வெட்டுவான் கோயிலை மட்டும் விட்றாதீங்க. கார் சொல்லவா?"

எனக்குக் கோபம் வந்தது. வருவதற்குள் மனைவி, "வெட்டுவான் கோயில் நீங்க பாத்திருக்கீங்கல்ல?" என்றாள்.

கழுகுமலை எங்கள் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். அடிவாரத்து முருகன் கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். மொட்டை போட்டது, காது குத்தியது எல்லாம் அங்கேதான். ஆனால் வெட்டுவான் கோயிலுக்கு மலை ஏற வேண்டும். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததில் இத்தனை காலம் ஓடிவிட்டது. "பாத்திருக்கேன், சின்ன வயசுல. சரியா ஞாபகமில்ல" என்றேன். கார் சொல்லப்பட்டது.

போய்ப் பார்த்தபோதுதான் இதைப் பார்க்காமலா இருந்தோம் என்று வயிறு எரிந்தது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. ஒரு பாறையைச் சுற்றிலும் பள்ளமாக வெட்டித் தனியாக்கி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் கட்ட வேண்டாம். ஆனால் ஒரு உளி தவறினால் ஒட்டவைக்கவும் வழி இல்லை. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். வேறு இடங்களில் கல்லால மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர், இங்கே தாளம் போடுகிறார். பூதகணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகபாவம். அதில் ஒன்று எங்கள் மேனேஜர். மேல் பாகமெல்லாம் நகாசு வேலையோடு முடிந்திருக்க, அடிப்பாகம் பாதிப் பாறையாகவே நிற்கிறது. ஏன் விட்டார்கள் என்பதற்குக் கதைகள்தான் உண்டு. மனைவி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஆரம்பிச்சு, பாதியில விட்டிருக்காங்க. உங்க பக்கத்துல அப்பவே இப்படித்தானா?" என்றாள். எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு பக்கம் மட்டும் கொசுவலை அடித்திருக்கிறது. அதை மனதில் வைத்துச் சொன்னது.

திரும்பி வந்து கி.ரா. நினைவரங்கத்தையும் பார்த்தோம். அவர் கடைசி முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரியில் இருந்தவர். 2021இல் மறைந்ததும் அரசாங்கம் இங்கே கொண்டுவந்து நினைவரங்கம் கட்டியிருக்கிறது. "பாத்தியா, வெளியூர் போனாலும் எங்க ஊர் ஆளை மறக்காது" என்றேன்.

"அவர் 'கோபல்ல கிராமம்' எழுதிட்டுப் போனாரு. நீங்க?"

சாயங்காலம் மெயின் ரோட்டில் மெதுவாக நடந்தேன். முகத்தை இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பிக்கொண்டே நடந்தேன், எந்தக் கடைக்காரராவது "அடடே, நீங்களா!" என்று எழுந்து வரட்டும் என்று. ஒருவர் எழுந்தும் வந்தார். பைபாஸ் பக்கம் பிளாட் போட்டிருப்பதாகவும், தண்ணி வசதி உண்டு என்றும் சொன்னார். படித்த பள்ளியின் கேட்டில் வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்?" என்றார். யாரையும் பார்க்க வேண்டாம், என்னை யாராவது பார்க்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"ஏலே... பொறுக்கி!"

மனைவி மகளைச் சட்டென்று பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். நான் பூரித்துப்போய், "என்னலே மாப்ள!" என்று கையைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

நண்பனுக்குக் கடலைமிட்டாய் வியாபாரம். முன்னால் கடை, பின்னால் அடுப்பு. அங்கேயே எங்களை உட்காரவைத்தான். வறுத்துத் தோல் போக்கி இரண்டாக உடைத்த கடலை ஒரு பக்கம் குவிந்திருக்க, வாணலியில் வெல்லப்பாகு கொதித்தது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, உருட்டி, கிண்ணத்தின் விளிம்பில் தட்டினான். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிண்டினான். மறுபடி தட்டியபோது 'டங்' என்றது. அந்த நிமிஷத்தில் கடலையைக் கொட்டிப் புரட்டி, பலகையில் பரப்பி, உருட்டுக்கட்டையால் தேய்த்து, அளவுகோல் வைத்து வெட்டிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் பாறை. அவசரப்பட்டால் பல்லில் ஒட்டிக்கொண்டு பிராணனை வாங்கும்.

"அங்கிள், அப்பாவை ஏன் பொறுக்கின்னு கூப்பிட்டீங்க?" மகள் கேட்டாள்.

"சும்மா பொறுக்கி இல்ல பாப்பா. பந்துபொறுக்கி. முழுசாச் சொன்னா லேட்டாயிரும்னு சுருக்கிட்டோம்."

எங்கள் மைதானம் அப்போது மண் தரை. கோல் போஸ்டுக்குப் பின்னால் சீமைக் கருவேல முள்ளுக்காடு. எங்களிடம் இருந்ததோ ஒரே பந்து. அது முள்ளுக்குள் போனால் ஆட்டம் முடிந்தது. குனிந்து உள்ளே நுழைந்து எடுத்து வருவதற்கு உயரம் குறைந்த, மட்டையைக் கையில் கொடுக்கத் தகுதியில்லாத ஒரு ஆள் தேவைப்பட்டான். பதவி எனக்குக் கிடைத்தது.

"ஆனா அப்பா ஸ்டேட் செலக்‌ஷன்..." என்று மகள் ஆரம்பித்தாள்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் பாகைப் பார்த்தேன். நட்பு என்றால் என்ன என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆமா பாப்பா. செலக்‌ஷன் அன்னைக்கு உங்கப்பன் மட்டும் இல்லைன்னா மேட்சே நடந்திருக்காது. நாலு தடவை பந்து முள்ளுக்குள்ள போயிருச்சு."

"அப்ப கால்ல அடிபட்டது?"

"அதுவும் நெசந்தான். கருவேல முள்ளு. ரெண்டு கால்லயும்."

எந்தக் கால் என்ற பிரச்சினையும் தீர்ந்தது.

நண்பன் போனை எடுத்து, குழுவில் 'பந்துபொறுக்கி வந்திருக்கான், கடையில இருக்கான்' என்று ஒரு வரி போட்டான். அதுவரை பாறையாக இருந்த குழு பொங்கியது. 'அவனா? உயிரோட இருக்கானா?', 'பிடிச்சு வைலே, வர்றேன்', 'முன்னாடியே சொல்றதுக்கென்ன அவனுக்கு?' முழுப் பெயரோடு நான் போட்டிருந்த செய்தி கொஞ்சம் மேலேதான், ஆழ்ந்த இரங்கலுக்குப் பக்கத்தில், இருந்தது. அந்தப் பெயரில் ஒருவன் படித்ததாக அவர்களில் யாருக்கும் தெரியாது. அரை மணி நேரத்தில் கடை வாசலில் பைக் நிறுத்த இடமில்லை. வந்தவன் ஒவ்வொருவனும் "எப்ப வந்த?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் "எப்பப் போற?" என்றான். எல்லோருமே நான் குண்டாகிவிட்டதைக் குறிப்பிட்டார்கள். சொன்னவர்களில் ஒருவன்கூட பைக்கிலிருந்து மூச்சு வாங்காமல் இறங்கவில்லை.

அதில் ஒருவன் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். பதினாலு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது, அதற்குள் லைட்டர் வந்து கழுத்தை அறுக்கிறது என்று புலம்பிவிட்டு, "மெட்ராஸ்ல உங்க வீட்டுல நம்ம தீப்பெட்டி கெடைக்குதாம்மா?" என்று என் மனைவியிடம் ஆசையாகக் கேட்டான்.

"சாமி விளக்குக்கு வச்சிருக்கோம்ண்ணா. அடுப்புக்கு லைட்டர்தான். இவர்தான் வாங்கிட்டு வந்தார், ரெண்டு."

கடை அமைதியானது. "ரெண்டா?" என்றான் அவன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தான் என நான் சொன்னது எடுபடவில்லை.

இருட்டுவதற்குள் எல்லோருமாக மைதானத்துக்குப் போனோம். செயற்கைப் புல்தரை மைதானம் ஊருக்கு வந்துவிட்டாலும், எங்கள் பழைய மண் தரையில் இன்னமும் பையன்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கை அரித்து, மட்டையைக் கேட்டு வாங்கி இறங்கினார்கள். முதல் அடியிலேயே பந்து கோல் போஸ்டையும் தாண்டி முள்ளுக்காட்டுக்குள் போய்விட்டது.

பையன்கள் யாரும் அசையவில்லை. என் நண்பர்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

செருப்பைக் கழற்றாமல் போ என்று ஒருவன் அக்கறையாகச் சொன்னான். போனேன். குனிந்து நுழைவதில் பிரச்சினை இல்லை, நிமிர்வதுதான் பாடு. பந்தோடு வெளியே வந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது, அதிகமாகத் தட்டியது மகள். மனைவி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துத் தன் பிறந்த வீட்டுக் குழுவில் போட்டுவிட்டாள். என் மாமனார் இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.