அடுத்தவர் வீட்டில் பங்காளிச் சண்டை

நம் ஊர்ப் பங்காளிச் சண்டையில் ஒரு நியாயம் உண்டு. வரப்பை வெட்டுவார்கள், வேலியைப் பிடுங்குவார்கள், கோர்ட்டுக்கு நடந்தே இரண்டு தலைமுறையைத் தீர்ப்பார்கள். ஆனால் நிலம் மட்டும் அவர்கள் தாத்தாவுடையதாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரும் போயர்களும் போட்ட சண்டையில் அந்த ஒன்றுதான் குறை. நிலத்துக்காரரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, வந்தேறிகள் இருவரும் 'எங்கப்பன் சொத்து' என்று துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

முதலில் வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1652-ல் கேப் முனையில் இறங்கியபோது அவர்கள் திட்டம் ரொம்பச் சின்னது. கிழக்கே போகிற கம்பெனிக் கப்பல்களுக்குக் காய்கறி விளைவித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டம் போட வந்தவர்கள் ஊரையே வளைத்துக்கொண்டார்கள். அவர்களின் வாரிசுகளே போயர்கள். அந்தச் சொல்லுக்கு உழவர் என்று பொருள். உழுதது பெரும்பாலும் அடிமைகள் என்பது வேறு விஷயம்.

1806-ல் ஆங்கிலேயர் கேப்பைப் பிடித்தார்கள். 1834-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். உழவர்களுக்குச் சுருக்கென்றது. அடுத்த வருஷத்திலிருந்து மாட்டு வண்டி கட்டி, பைபிளையும் துப்பாக்கியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்களை விரட்டிவிட்டு டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு என்று இரண்டு குடியரசுகளை அமைத்தார்கள். பிறகு, 'எங்களை யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்' என்றார்கள்.

தொந்தரவு 1877-ல் வந்தது. ஷெப்ஸ்டன் என்ற துரை இருபத்தைந்து போலீஸ்காரர்களோடு பிரிட்டோரியாவுக்கு வந்து, டிரான்ஸ்வால் இனிமேல் மகாராணியுடையது என்று அறிவித்தார். போயர்கள் மூன்று வருஷம் மனு கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்காமல் 1880 டிசம்பரில் துப்பாக்கியை எடுத்தார்கள்.

1881 பிப்ரவரியில் ஆங்கிலேய ஜெனரல் காலி சுமார் நானூறு பேரோடு இரவோடு இரவாக மஜுபா மலையில் ஏறினார். உச்சியைப் பிடித்தாகிவிட்டது, இனி யார் வரப்போகிறார்கள் என்ற தெம்பில் பதுங்குகுழிகூட வெட்டவில்லை. விடிந்ததும் சிப்பாய்கள் கீழே இருந்த போயர்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேலி செய்தார்கள். கீழே இருந்தவர்களோ மான் வேட்டையில் வளர்ந்தவர்கள். பாறைக்குப் பாறை பதுங்கி மேலே வந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் காலியையும் சேர்த்துத் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். போயர் பக்கம் ஓரிருவர். லண்டன் சமாதானம் பேசி, சுயாட்சியைத் திருப்பிக் கொடுத்தது.

கதை அங்கேயே முடிந்திருக்கும். 1886-ல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்துத் தொலைத்தது. உலகத்தில் இருந்த ஆசைக்காரர்கள் எல்லாம் ஜோஹன்னஸ்பர்க்கில் வந்து குவிந்தார்கள். டிரான்ஸ்வால் ஜனாதிபதி பால் குரூகருக்கு ஊரார் வைத்த செல்லப்பெயர் 'பால் மாமா'. பூமி தட்டை என்று நம்பியவர். ஆனால் கணக்கில் ஆள் கெட்டி. வந்தவர்களிடம் வரியைக் கறாராக வாங்கிக்கொண்டு, ஓட்டு மட்டும் பதினான்கு வருஷம் குடியிருந்த பிறகு என்றார்.

கேப் காலனியின் பிரதமரும் வைர முதலாளியுமான செசில் ரோட்ஸுக்கு இது பொறுக்கவில்லை. ஜோஹன்னஸ்பர்க் வெள்ளைக்காரர்கள் கலகம் செய்வது, அவர்களைக் காப்பாற்ற ரோட்ஸின் கூட்டாளி டாக்டர் ஜேம்சன் படையோடு பாய்வது என்று ஏற்பாடு. 'பெண்களும் குழந்தைகளும் ஆபத்தில் இருக்கிறோம், உடனே வாருங்கள்' என்ற கடிதத்தைக்கூடத் தேதி போடாமல் முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டார்கள். ஆபத்து மட்டும் வரவில்லை. கலகம் செய்ய வேண்டியவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாத டாக்டர், 1895 டிசம்பர் 29 அன்று ஐநூறு சொச்சம் பேரோடு தானே எல்லை தாண்டினார்.

முதல் வேலை, பிரிட்டோரியாவுக்குப் போகும் தந்திக் கம்பியை அறுப்பது. அதற்கு அனுப்பிய ஆட்கள் ஊற்றிக்கொண்டு போய், யாரோ ஒரு குடியானவரின் வேலிக் கம்பியை அறுத்துவிட்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். தந்தி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. போயர்கள் வழி நெடுக வேவு பார்த்து டூர்ன்காப்பில் மடக்கினார்கள். சரணடையக் காட்டிய வெள்ளைக்கொடி, பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டு வாங்கிய சமையல் ஏப்ரன். ரோட்ஸின் பதவி போனது. ஜேம்சனுக்குப் பதினைந்து மாதச் சிறை, உடம்பு சரியில்லை என்று பாதியில் விடுதலை. அதே ஜேம்சன் 1904-ல் கேப் காலனிக்குப் பிரதமரானார். சரியான கம்பியை அறுத்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ!

1899-ல் புளூம்ஃபான்டைனில் ஓட்டுரிமைப் பேச்சுவார்த்தை. ஆங்கிலேயர் தரப்பில் மில்னர், ஐந்து வருஷம் குடியிருந்தால் போதும் என்றார். பால் மாமா, ஏழு என்றார். இந்த இரண்டு வருஷ வித்தியாசத்துக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் போர் நடந்தது. லண்டனில் போர் மந்திரி லான்ஸ்டவுன் பிரபு, டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தைப் பார்த்தும் தமக்கு ரத்தம் கொதிப்பதாகப் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இந்த ஓநாய் அதற்கு முன் இந்தியாவில் வைஸ்ராயாகவும் இருந்தது.

அக்டோபர் 11 அன்று போர் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பலாம் என்று ஆங்கிலச் சிப்பாய்கள் கப்பல் ஏறினார்கள். டிசம்பர் 10, 11, 15 ஆகிய நாட்களில் மூன்று இடங்களில் உதை வாங்கினார்கள். ஸ்டோம்பர்க்கில் ஜெனரல் கேட்டக்கர் இருட்டில் வழி தவறிப் போய், அடி வாங்கி, பின்வாங்கும் அவசரத்தில் அறுநூறு பேரை மலையிலேயே மறந்துவிட்டு வந்தார். குடையை மறப்பார்கள், செருப்பை மறப்பார்கள். கொலென்சோவில் தளபதி ரெட்வர்ஸ் புல்லர் பத்துப் பீரங்கிகளைப் போயர்களுக்குத் தானம் செய்துவிட்டுத் திரும்பினார். சிப்பாய்கள் அவர் பெயரை 'ரிவர்ஸ் புல்லர்' என்று திருத்தினார்கள்.

1900 ஜனவரியில் ஸ்பியான் காப் மலை. மறுபடி இரவு, மறுபடி மலை. மண்மூட்டைகளைக் கீழேயே விட்டுவிட்டு ஏறினார்கள். மூடுபனியில் பாறையைக் கொத்தி அரைகுறையாகக் குழி வெட்டினார்கள். பனி விலகிய பிறகுதான் குழி தப்பான இடத்தில் இருப்பது தெரிந்தது. சுற்றிலும் போயர் துப்பாக்கிகள். உச்சியில் யார் தளபதி என்பதிலேயே நாள் முழுக்கக் குழப்பம். அன்றிரவு இரண்டு பக்கமும் தோற்றுவிட்டதாக நினைத்து இறங்கின. விடிந்ததும் போயர்கள் எட்டிப் பார்த்தால் எதிரில் பிணங்கள் மட்டும் இருந்தன. ஏறிப்போய் ஜெயித்துக்கொண்டார்கள்.

அந்தப் போர்க்களத்தில் போயர் தளபதி லூயிஸ் போத்தா, செய்தி சுமந்து மலையில் ஏறி இறங்கிய வின்ஸ்டன் சர்ச்சில், காயம்பட்டவர்களைத் தூக்கிய வக்கீல் காந்தி என மூவரும் இருந்தார்கள். காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 இந்தியர்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். 1860-ல் முதல் கப்பல் சென்னையிலிருந்து போனதால், அவர்களில் தமிழர்களும் நிறைய. ஆங்கிலேயருக்காகத் தோள் கொடுத்தால் நாளைக்கு நமக்கும் உரிமை கிடைக்கும் என்று நம்பினார்கள்.

ஆங்கிலேயர் இருந்த ஊர்களைப் போயர்கள் வளைத்துப் போட்ட முற்றுகைகளிலும் கூத்துக்குக் குறைவில்லை. லேடிஸ்மித்துக்குள் போயர்கள் கிறிஸ்துமஸ் அன்று சுட்ட ஒரு குண்டில் மருந்துக்குப் பதில் புட்டிங்கும் வாழ்த்தும் இருந்தன. மாஃபெக்கிங்கில் ஆங்கிலேயத் தளபதி பேடன் பவலிடம் முள்கம்பி போதவில்லை. இல்லாத கம்பியை இருப்பதாக நினைத்துக் காலைத் தூக்கித் தாண்டி நடக்கும்படி சிப்பாய்களுக்கு உத்தரவிட்டார். தூரத்தில் இருந்த போயர்கள் நம்பினார்கள். இதே பேடன் பவல்தான் பின்னால் சாரணர் இயக்கத்தை ஆரம்பித்தார். அவருடைய 217 நாள் முற்றுகையில் வெள்ளையர் ரேஷன் ஓரளவு நடந்தது. பட்டினியில் செத்தவர்கள் ஊரின் கறுப்பின மக்கள்.

1900 ஜூனில் பிரிட்டோரியா விழுந்தது. தளபதி ராபர்ட்ஸ் போர் முடிந்தது என்று ஊருக்குப் போனார். போயர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குதிரையில் வந்து, ஒளிந்திருந்து தாக்கினார்கள். அதன்பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. ராபர்ட்ஸுக்குப் பின் தளபதியான கிச்சனர் பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார். போயர் முகாம்களில் சுமார் 28,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பினத்தவருக்கான தனி முகாம்களில் குறைந்தது 14,000 பேர்.

பிடிபட்ட போயர்களில் ஒரு பகுதியினரைத் திருச்சிக்கும் வெலிங்டனுக்கும் அனுப்பினார்கள். இலங்கையின் தியத்தலாவையில் மட்டும் ஐயாயிரம் பேர். அவர்களில் எங்கெல்பிரெக்ட் என்பவர் ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மாட்டேன் என்று அங்கேயே தங்கி, யாலா காட்டுக்கு முதல் காவலரானார். மொத்தப் போரிலும் யானைகளுக்கு மட்டும் லாபம்.

1902 மே 31 அன்று பங்காளிகள் ராசியானார்கள். ஜெயித்தவன் தோற்றவனுக்கு முப்பது லட்சம் பவுன் கொடுத்தான். 1910-ல் போத்தாவே ஒன்றுபட்ட நாட்டின் பிரதமரானார். ஓநாய் இந்தியருக்காக அழுத அதே டிரான்ஸ்வாலில், 1906-ல் ஆங்கிலேய ஆட்சி இந்தியர்கள் கைரேகை வைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்துக் காந்தி தொடங்கிய போராட்டம் நீண்டு, 1914-ல் பதினாறு வயது தில்லையாடி வள்ளியம்மை சிறைக் காய்ச்சலில் உயிர்விட்டாள்.

நிலத்துக்காரருக்குச் சமாதான ஒப்பந்தத்தில் எட்டாவது ஷரத்து ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு ஓட்டு கொடுப்பதா என்பதை, வெள்ளையருக்குச் சுயாட்சி கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது அது. பேசி முடித்து ஓட்டுப் போட்டது 1994 ஏப்ரலில்.