தானே திரும்பும் ஜீப்

1941-இல் போருக்குப் பிறந்த வில்லிஸ் ஜீப்பில், ஸ்டியரிங் பாக்ஸ் சொல்வதை டிராக் லிங்க் கேட்டு, நடுவிலிருக்கும் பெல் கிராங்கிடம் சொல்லும், அது இரண்டு டை ராடுகளிடம், அவை சக்கரங்களிடம். கூட்டுக் குடும்பத்துச் சேதிதான். பெல் கிராங்கின் புஷ் தேயத் தேய, பாதி வழியிலேயே தொலையும்.

நண்பர் தன் ஜீப்பின் பெல் கிராங்கைக் கழற்றிவிட்டு ஒற்றை நீள டை ராடும் பவர் ஸ்டியரிங்கும் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். வண்டியை நாலு அங்குலம் தூக்கினார். டிராக் லிங்க் இப்போது சாத்திவைத்த ஏணி. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சாய்வு சக்கரத்தை இழுக்க, வண்டி தானே திரும்புகிறது.

"என்னண்ணே இது?"

"முன்னாடி ஸ்டியரிங்கைக் கால் சுற்று சும்மா சுத்தணும் தம்பி. இப்ப சுத்தவே வேண்டாம், பாரு!"