மாதப்பூ: மாட்டுங்கா பூக்கடைகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஜனவரியில் பிறந்தவருக்குக் கார்னேஷன், பிப்ரவரிக்கு வயலட், மார்ச்சுக்கு டாஃபடில் எனப் பன்னிரண்டு மாதத்துக்கும் பூவைப் பங்கிட்டு, பூவுக்கு ஒரு குணத்தையும் ஏற்றிவைத்த பட்டியல் மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பிறந்தநாள்தோறும் உலா வருகிறது. ஜனவரிக்கு மாற்றுப்பூவாக ஸ்னோடிராப்பும் உண்டு. பனியைத் துளைத்துக்கொண்டு பூப்பதாம். ஆகவே நம்பிக்கையின் சின்னமாம். தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் ஜனவரியில் தெருவை அடைத்து நிற்பவை பொங்கல் பானைகள். எனவே பட்டியலை உள்ளூர்ச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கல்விக் கடமையாகிறது.

ஆய்வுக் களம், மாட்டுங்கா கிழக்கில் ரயில் நிலையத்தை ஒட்டிய பூக்கடைகள். தாதர் சந்தையில் பூ கிலோ, மாட்டுங்காவில் முழம். முழம் என்பது முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை என்று அளவையியல் கூறும். நடைமுறையில் அது முன்னால் வாங்கிப் போனவருக்கு நீளமாகவும் நமக்குக் குட்டையாகவும் அமைகிற ஓர் அலகு.

கடைக்கார அக்கா இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி என்று எதிரும் புதிருமாக வைத்து, நாரை ஒரு சுண்டு சுண்டி முடிச்சிடுகிறார். கண் சாலையில், வாய் பக்கத்துக் கடையோடு.

“அக்கா, ஜூலையில பொறந்தவங்களுக்கு என்ன பூ?”

“ஜூலையா? மழையில எந்த வண்டி வந்து சேருதோ, அதுல இருக்கிறதுதான் பூ. உங்களுக்கு எத்தனை முழம் சார்?”

பட்டியலோ ஜூலைக்கு அல்லியைத் தருகிறது. இங்கே அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஜூலையில் நல்ல மழை பெய்தால் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். அல்லிக்கு வேறென்ன வேண்டும்? இதுவரை அங்கே மலர்ந்தவை வழியில் நின்றுபோன டாக்சிகள் மட்டுமே என்பது வேறு விஷயம்.

குணப் பொருளுக்கு வருவோம். பூவுக்கு அர்த்தம் சொல்லும் கலையை ஐரோப்பாவில் பரப்பியது, 1819இல் பாரிசில் ஷார்லோட் டெ லாத்தூர் என்ற புனைபெயரில் வந்த நூல். இந்தப் பூ கொடுத்தால் ஏக்கம், அந்தப் பூ கொடுத்தால் மறுப்பு என்று போகும். நம் புறத்திணைக்கு இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் கிடையாது. வெட்சி சூடினால் ‘உன் மாட்டை ஓட்டிப் போகிறேன்’. கரந்தை சூடினால் ‘கொண்டா என் மாட்டை’. நொச்சி என்றால் கோட்டைக்கதவு திறக்காது. வாகை என்றால் கதை முடிந்தது. அந்த வெட்சியைத்தான் இன்று இட்லிப்பூ என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில், 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு முறைத்துக்கொண்டு நிற்கும் கூட்டம் வெட்சித் திணைக்கு உரியது என்பதில் ஐயமில்லை.

மல்லிக்கு அர்த்தம் விலையைப் பொறுத்தது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி கோடையில் கொட்டிக் கிடக்கும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களுக்கு ஏறும். ஆக, மே மாதத்தில் ஒருவர் மனைவிக்கு மல்லி வாங்கிப் போனால் அது அன்பு. டிசம்பரில் வாங்கிப் போனால் ஏதோ தப்புத்தண்டா நடந்திருக்கிறது.

பட்டியலில் பல மாதங்களுக்கு இரண்டு பூ இருப்பதற்கு ஐரோப்பியர் காரணம் சொல்வதில்லை. காரணம் வெளிப்படை: தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில் பிறக்கிறது. ஜனவரியின் முன்பாதி மார்கழி. அதற்குக் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் குந்தும் பூசணிப்பூ. (செம்பூர் அடுக்குமாடிகளில் சாணி அகப்படாமல் பூசணிப்பூ ஸ்டிக்கர் கோலத்தின் மேல் வழுக்குகிறது.) பின்பாதி தை, அதற்குக் காப்புக் கட்டும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும். ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்க, பச்சடிக்குள் வேப்பம்பூ. எனவே இரட்டைப்பூ முறை இங்கிருந்துதான் கப்பலேறியது என்று துணியலாம். சான்று இருந்தால் துணிய வேண்டிய அவசியமே இல்லையே.

கார்த்திகைக்காரர்கள் பாடுதான் சங்கடம். மாதத்தின் பெயரையே தாங்கிய கார்த்திகைப்பூ, அதாவது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கு முதல் விதை வரை விஷம். சரி, மாதம் வேண்டாம், செட்டா நகர் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோல நட்சத்திரத்தையே கொள்வோம் என்றால், கிருத்திகைக்கு உரிய மரம் அத்தி. அதன் பூ காய்க்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஒன்று ஆளைக் கொல்லும், மற்றது கண்ணில் படாது. இவர்களுக்கு ஒரு ரோஜாவைக் கொடுத்துவிடுவது உத்தமம். புரட்டாசிக்கு எந்தப் பூவும் துளசியைத் தாண்டி வரவில்லை.

எஞ்சியது அக்டோபர். பட்டியல் மேரிகோல்டு என்கிறது. அவர்கள் சொல்வது காலெண்டுலா. தசராவுக்குத் தாதரில் மலையாய்க் குவிந்து, டாக்சி முதல் லோக்கல் ரயில் வரை எல்லாவற்றுக்கும் மாலையாகிற நம் செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. தூரத்து உறவு, அவ்வளவே. ஆனால் அதே நாளில் செண்டுமல்லிக்குப் பக்கத்திலேயே ஆப்டா இலையும் கட்டுக்கட்டாக விற்கிறது; மராட்டியர் அதைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரம் நம் ஆத்தி. ஆத்திப்பூ சோழர்களின் குலமாலை. அக்டோபரில் பிறந்த மும்பைத் தமிழர் அனைவரும் சோழ வம்சத்தவர் என்பது இத்தால் நிறுவப்படுகிறது. முடிவு வெளியே கசிந்ததும் தாராவியிலிருந்து சிலர் உரிமை கோரி வந்துவிட்டார்கள். ஒருவருடைய பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்றிருக்கிறது. அது வாத்தியார் போட்ட தேதி என்கிறார்.