எண் சொல்வதும் சொல்லாததும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பழகிய காலத்தில், பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று அது சொல்லாது. சாவி போட்டதும் கான்டாக்டர் ‘டக்’கென்று அடிக்கிறதா என்று காது கொடுப்போம். மோட்டார் மூடியைக் கழற்றி கார்பன் பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கம்யூட்டேட்டர் கறுத்திருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு டெஸ்ட் லாம்ப்போடு பேட்டரியில் தொடங்கி, கரண்ட் எங்கே அறுந்து நிற்கிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேடிப் போவோம். அரை நாள் ஓடிவிடும்.

இன்று பெரும்பாலும் ஏசி மோட்டார், பிரஷ்ஷே கிடையாது. கோளாறை கன்ட்ரோலரே எண்ணாகச் சொல்கிறது. கர்ட்டிஸ் 1238 வகையில் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னியபின் மஞ்சள் எத்தனை முறை மின்னுகிறதோ அது முதல் இலக்கம்; சிவப்பு இருமுறை மின்னியபின் வருவது இரண்டாவது. 36 என்றால் மோட்டார் சுழற்சியை அளக்கும் என்கோடர் பக்கம் கோளாறு. 47 வந்தால் பல சமயம் பழுதே இருக்காது. ஆக்சிலரேட்டரை மிதித்தபடி சாவி போட்டிருப்பார்கள். வண்டி பாய்ந்துவிடாமல் கன்ட்ரோலர் தடுத்திருக்கும். ஆள் நடமாடும் கோடவுனில் இது உயிர்க்காவல். இதற்காகவே புதிய வண்டிகளை மதிக்கிறேன்.

ஆனால் எண் சொல்வது கன்ட்ரோலர் உணர்ந்ததை மட்டும்தான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும். 23 என்றால் பேட்டரி வோல்ட் இறங்கிவிட்டது, அதனால் இழுவையைக் குறைக்கிறேன் என்று பொருள்.

“அண்ணே, 23 காட்டுது. போர்டு போயிருச்சு போல” என்று பையன்கள் ஃபோன் செய்வார்கள்.

“போர்டைத் தொடாத தம்பி. லோடு தூக்கச் சொல்லி, செல் செல்லா வோல்ட் பாரு” என்பேன்.

48 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் 24 செல்கள். சும்மா நிற்கும்போது எல்லாமே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டலாம். மாஸ்ட் பாரத்தோடு ஏறும்போதுதான் சீக்குப்பிடித்த ஒரு செல் மட்டும் சரியும். முழு சார்ஜில் 1.280-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஹைட்ரோமீட்டர் அளவு அந்தச் செல்லில் தாழ்ந்திருக்கும். செல்லெல்லாம் சரி என்றால், எங்கோ ஒரு கேபிள் லக் தளர்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்காமல் விலையுயர்ந்த கன்ட்ரோலரை மாற்றினால், புதியதும் அதே 23-ஐத்தான் காட்டும்.

அரை நாள் தேடலை எண் அரை மணியாகச் சுருக்கியிருக்கிறது. மிஞ்சும் நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். எரர் கோடை அழிக்குமுன் குறித்துக்கொள். அப்போது வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆபரேட்டரைக் கேள். அப்புறம் மீட்டரை எடு. பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்த வரிசையைத்தான்.