புளித்த மாவின் மகாத்மியம்

சென்னை மாநகரில் இராப்பொழுது கழிவதற்குள் இட்லி மாவானது, எவருடைய உபசாரத்தையும் எதிர்பாராமல் தானே பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிவிடுகிறது. அதனை ஏறிட்டும் பாராத நண்பர் ஒருவர், கோதுமை மாவும் தண்ணீரும் கலந்த கண்ணாடிக் குப்பி ஒன்றுக்கு நாமகரணம் செய்து, வேளை தவறாமல் ஆகாரமூட்டி, வெளியூர் போகும்போது அண்டை வீட்டாரிடம் அடைக்கலமாக ஒப்புவித்து, வாரக்கணக்கில் தவமிருந்து ‘சவர்டோ’ ரொட்டி சுடுகிற வைபவத்தை என்னவென்பது! இரண்டையும் புளிக்கச் செய்வது லாக்டிக் அமில வர்க்கத்துப் பாக்டீரியாக்கள்தாம் என்றால் அவருக்குக் கோபம் வருகிறது. (அவருடைய பாட்டியார் இட்லிப் பானைக்கு வெப்பமானி வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.) 230 டிகிரி உஷ்ணத்தில் வெந்து, கருகிய மேலோட்டுடன் பிரசன்னமான ரொட்டியைப் பல கோணங்களில் படமெடுத்து முடித்தபின், அதனை அறுக்கத்தக்க கத்தி வீட்டில் இல்லாத ஒரே காரணத்தால், அவர் குடும்ப சமேதராய்த் திருவல்லிக்கேணிக்குப் புறப்பட்டு, 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபேயில், சாம்பாரில் மூழ்கிய இட்லியைத் திருப்தியாக உண்டார். பரிமாறியவர் கேட்காமலே மறுபடியும் சாம்பார் ஊற்றினார். அதற்குத் தனிக் காசும் வாங்கவில்லை.