ரிமோட் படகும் வற்றிய வைகையும்

கேள்வி: ரேடியோ ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு ஒன்றை முதன்முறையாகச் செய்யப்போகிறேன். மதுரையில் எங்கே ஓட்டுவது?
– கல்லூரி மாணவர், செல்லூர், மதுரை

பதில்: வைகையில் ஓட்டுவதென்றால் மறக்காமல் நாலு சக்கரம் மாட்டிவிடுங்கள்! 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே தைப்பூசத்துக்கு மீனாட்சியம்மன் தெப்பத்தைக் கயிறு கட்டித்தான் இழுக்கிறார்கள். கண்ட்ரோல் பக்தர்கள் கையில். கயிறில்லாப் படகை 1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஓட்டிக்காட்டியபோது, பார்த்தவர்கள் மந்திரமோ என்று மிரண்டார்களாம்.

முதல் படகுக்கு, அடிப்பாகம் 'வி' வடிவில் இருப்பதே நல்லது. அலையைக் கிழித்துப் போகும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தும்படி வையுங்கள். எடை முன்னால் கூடினால் மூக்கு முங்கும், பின்னால் கூடினால் துள்ளிக் குப்புற விழும். மோட்டாரைச் சுற்றித் தண்ணீர்க்குழாய் ஓடட்டும், அதற்கும் நம்மூர் வெயில்தானே! உள்ளே தெர்மோகோல் அடைக்க மறந்தால் அது நீர்மூழ்கி. ரிமோட் சிக்னல் தண்ணீருக்குள் சரியாக எட்டாது, நீங்கள்தான் முங்கித் தேட வேண்டும்.

முதல் ஓட்டம் வீட்டுத் தொட்டியில். பிறகு கண்மாய். ஆள் குளிக்கும் இடம் வேண்டாம், புரொப்பல்லர் விரலைச் சீவிவிடும். தெப்பக்குளம்தான் வேண்டுமென்றால் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டு இறங்குங்கள்.