அஞ்சுக்கு அஞ்சு

பம்பாய் தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்பில் எந்தப் பொருளுக்கும் விலை கேட்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, நீளம் அகலம் எவ்வளவு என்பது. என் அத்தை மகன் ஆசையாக வாங்கிய சோபா, சந்து முனையில் திரும்ப முடியாமல் அரைநாள் நின்று, தெருவில் போகிற வருகிறவர்களின் யோசனையை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் காலை அறுத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போனது. சோபாவின் காலைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மாடி அறையில்தான் என் தொழில். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா பேனர் எல்லாம் அங்கே தயாராகும். எதிர்ச் சுவரில் வீட்டுக்காரியின் தையல் மிஷின். மேசைக்கடியில் என் பழைய கம்ப்யூட்டரின் சிபியு, எனக்கு முன்பே குடிவந்த வாடகைக்காரர் மாதிரி காலை நீட்ட விடாமல் உட்கார்ந்திருக்கும். பேனரில் தாய்மாமன் படம் ஒன்று குறைந்தால் விழா நின்றுவிடும். ஒன்று கூடினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். எங்கள் சாதிசனத்தில் தாய்மாமன்களுக்குப் பஞ்சமே கிடையாது.

ஆகவே ஆப்பிள்காரனின் மேக் மினி என்ற குட்டிக் கம்ப்யூட்டர்மேல் எனக்குக் கண். 2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதைக் கையில் எடுத்துக் காட்டியபோது விலை 499 டாலர், மெமரி 256 எம்பி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வாங்குகிறவனே கொண்டுவர வேண்டும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். இந்த இடம் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஏலே, அறுவதாயிரத்துக்கு டிவிப் பெட்டிகூட இல்லாமயா குடுக்கான்?" என்பாள். அந்த முதல் மினியைத் திறந்து மெமரி மாற்ற, பெயின்டர் சுவரில் பட்டி பார்க்கிற தகட்டை இடுக்கில் விட்டு நெம்பினார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான். அதைப் படித்த அன்றே இது நம்ம ஊர்ச் சரக்கு என்று எனக்குப் பட்டுவிட்டது.

ஆனால் வாங்கவில்லை. அடுத்தது வரட்டும் என்று இருந்தேன். அட்டையில் அதே அளவுக்கு வெட்டி அலமாரியில் வைத்து, இடம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். நெடுங்காலம் அந்த அளவு 19.7 சென்டிமீட்டர் சதுரமாக இருந்தது. அம்மா அந்த அட்டையைச் சோற்றுப் பானை மூடியாக எடுத்துக்கொண்டாள், கச்சிதமாக உட்கார்ந்தது. 2024 அக்டோபரில் எம்4 மினி வந்தபோது அதை அஞ்சுக்கு அஞ்சு அங்குலமாக, அதாவது 12.7 சென்டிமீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். புது அட்டை பானைக்குள் விழுந்தது. "கம்ப்யூட்டரு என்னல இப்படி மெலிஞ்சு போச்சு?" என்று அம்மா விசாரித்தாள். மெலிந்ததில் பவர் பட்டனுக்கு இடமில்லாமல் அதை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கி ஈரம் பார்ப்பதுபோல் ஒரு பக்கம் தூக்கித்தான் ஆன் செய்ய வேண்டும்.

காத்திருப்பதில் எங்களோடு யாரும் போட்டி போட முடியாது. 2014-இல் ஒரு மினி வந்தது. விலையைக் குறைத்தார்கள், கூடவே நாலு கோர் பிராசசரையும் எடுத்துவிட்டு, மெமரியைப் போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டிவிட்டார்கள். பிறகு நாலு வருஷம் மூச்சுப் பேச்சில்லை. 2017-இல் ஒரு வாடிக்கையாளர் பொறுக்க மாட்டாமல், அப்போது ஆப்பிளை நடத்திய டிம் குக்குக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டார். மினி எங்களுக்கு முக்கியம்தான், விவரம் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை என்ற தோரணையில் பதில் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. தாராவிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வீடு விஷயமாக எங்களுக்குச் சொல்லும் பதிலை, வரி மாறாமல், இந்த மனிதர் எங்கே படித்தார்?

தாராவி சீரமைப்புத் திட்டத்துக்கு அரசு 2004-இல் பச்சைக்கொடி காட்டியது, அதாவது முதல் மினிக்கும் முந்தைய அறிவிப்பு. மாற்று வீடு முதலில் 225 சதுர அடி என்றார்கள். அப்புறம் 269, அப்புறம் 300. 2024 ஜனவரியில் 350 வந்தது. எதிர்க்கட்சிகள் 500 கேட்கின்றன. அதனால் ஸ்பெக் கூடுமா, விலை நிற்குமா, இப்போது எடுப்பதா, அடுத்ததுக்கு இருப்பதா என்ற பேச்சு எங்கள் டீக்கடைகளில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடுகிறது. இதில் மாடல்களும் உண்டு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இலவசமாக இங்கேயே 350. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் 300. டிரோன் விட்டு, லேசர் கருவி பிடித்து, சந்து சந்தாக அளந்திருக்கிறார்கள். என் அட்டைகூட அவ்வளவு நுட்பமாக வெட்டப்பட்டதில்லை.

இந்தப் பேச்சில் மூத்தவர்கள் எழுப்பும் சந்தேகம் ஒன்று, மினி விஷயத்தில் எனக்குப் பாடமே எடுத்தது. கேம்பிலும் தாராவியிலும் வீடு என்பது கழற்றி மாட்டக்கூடிய சாமான். மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி ஏறும், பேரன் பிறந்தால் இரும்பு ஏணி மாறும். ஃபிளாட் அப்படியில்லை, சால்டர் வைத்தது. சாவி கொடுக்கும் அன்று என்ன அளவோ, கொள்ளுப் பேரன் வந்தாலும் அதே அளவு. மினியும் அதே கதைதான். 16 ஜிபி எடுத்தால் ஆயுசுக்கும் 16 ஜிபி. வாங்குகிற அன்றே, வரப்போகிற தாய்மாமன்களை எல்லாம் கணக்கில் வைத்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஸ்டோரேஜ் மட்டும் எம்4 மினியில் தனிப் பலகையாகக் கழல்கிறது. தெரிந்தவர்கள் கழற்றிப் பெரிசு மாட்டிவிடுகிறார்கள், கூடவே இன்னொரு மேக் இருந்தால். அந்த இன்னொரு மேக்கை யாரிடம் கேட்பது?

இனி விலை. எம்4 மினி 2024-இல் வந்தபோது இங்கே 59,900 ரூபாய். நிறையப் பேர் திட்டினார்கள், நான் திட்டவில்லை. அப்போது டாலர் சுமார் 84 ரூபாய். 599-ஐப் பெருக்கி 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 59,373 வருகிறது. அமெரிக்காக்காரன் விலையில் கையெழுத்துப் போட்டு, நம் அரசாங்கம் முத்திரை குத்தியிருக்கிறது, அவ்வளவுதான். 512 ஜிபி வேண்டுமென்றால் 20,000 கூட என்றபோது மட்டும் கொஞ்சம் திட்டினேன். மாணவர்களுக்கு 49,900 என்ற சலுகையும் இருந்தது. அக்கா மகன் காலேஜில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் மார்க் கேட்டார்கள், நான் ஐடி கார்டு வந்துவிட்டதா என்று கேட்டேன். அன்றிலிருந்து அவன் வந்தால் ஆம்லெட்டில் இரண்டு முட்டை.

இப்போது எம்5-க்கு நிற்கிறோம். அந்த சிப் 2025 அக்டோபரிலேயே லேப்டாப்பிலும் ஐபேடிலும் வந்துவிட்டது. கோர் எண்ணிக்கை எம்4 போலவே பத்துதான், மெமரி ஓடும் வேகம் நொடிக்கு 120 ஜிபியிலிருந்து 153 ஆகியிருக்கிறது. அதாவது தாய்மாமன்கள் கொஞ்சம் சீக்கிரம் வரிசையில் நிற்பார்கள். ஆனால் இடையில் மூன்று கோளாறு. டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது, அதே 599-ஐப் பெருக்கினால் 63,614. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவுக்கு டேட்டா சென்டர் கட்டுகிறவர்கள் உலக மெமரியை எல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போகிறார்கள். மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்களுக்குக் க்ரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்த மெமரி வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் சொல்லிவிட்டது. லேமிங்டன் ரோட்டில் விலை விசாரித்தால், மெமரியைத் தங்கக் கடையில் போல அன்றன்றைய விலை சொல்கிறார்கள். மூன்றாவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் மானிட்டருக்கும் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. கம்ப்யூட்டர் முன்பே 18-இல் இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை. "நான் சொன்ன டிவிப் பெட்டிக்குக் குறைஞ்சிருக்குல்லா?" என்று அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 3-இல் லேப்டாப், டேப்லட்டோடு மிகச் சிறிய வடிவக் கம்ப்யூட்டர்களையும் லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது என்று அறிவித்தார்கள். கூச்சல் எழுந்ததும் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை.

பொருளை நேரில் பார்த்துவிடலாம் என்று மச்சானைக் கூட்டிக்கொண்டு பிகேசியில், அதாவது பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், இருக்கும் ஆப்பிள் கடைக்குப் போனேன். டி ஜங்ஷன் தாண்டி மித்தி ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் அந்தப் பக்கம் வேறு தேசம். 2023 ஏப்ரல் 18-இல் டிம் குக்கே வந்து கதவைத் திறந்து வைத்த கடை. பம்பாய்க்கு வந்தவர் வடாபாவும் சாப்பிட்டார், அந்த மரியாதை எனக்கு அவர்மேல் என்றும் உண்டு. கூரை முழுக்க நாலரை லட்சம் மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. மச்சான் ஆசாரி வேலை பார்ப்பவர். உள்ளே போனதும் அண்ணாந்தவர் குனியவே இல்லை. ஒரு பையன் வந்து இந்தியில் என்ன வேண்டும் என்று கேட்க, மச்சான் மேலே கையைக் காட்டி, "இது தேக்கா? கூலி யாரு பேசுனது?" என்று தமிழிலேயே விசாரித்தார். நான் மினியைத் தூக்கி அடியில் பட்டன் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். எம்5 எப்போது என்று கேட்டேன். வராத சரக்கைப் பற்றிப் பேசுவதற்கில்லை என்று அந்தப் பையன் சிரித்தான். நல்ல பையன், மாநகராட்சித் தேர்தலில் நின்றால் ஜெயிப்பான்.

அந்தத் தேர்தல் 2026 பொங்கலன்றே வந்தது. நைன்ட்டி ஃபீட் ரோட்டுப் பக்கம் ஒரு கையில் கரும்பும் மறு கை விரலில் மையுமாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தபோது அக்கா மகன் வந்தான். ஆம்லெட் சாப்பிட்டு முடித்துவிட்டு, "மாமா, எம்6 சிப்பு வேற ஆளா இருக்கும்னு சொல்லுதாவ. பேசாம அதுக்கே இருந்திருவமா?" என்றான். அவனுடைய ஐடி கார்டு எந்த வருஷம் வரை செல்லும் என்று வாங்கிப் பார்த்தேன்.

அலமாரியில் நான் ஒதுக்கி வைத்த அஞ்சுக்கு அஞ்சு இடத்தில் இப்போது மிக்ஸியின் சட்னி ஜார் உட்கார்ந்திருக்கிறது. எடுக்கச் சொன்னால் வீட்டுக்காரி எடுக்கத் தயார்தான். ஆனால் என்றைக்கு வரும், எவ்வளவு விலை, எத்தனை ஜிபி என்று மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால்தான் காலி செய்வாளாம். அதுவரை ஜாருக்கு மாற்று இடமும் நான்தான் தர வேண்டுமாம்.